எங்கப்பாவும் கருப்பு பனியன்காரியும்!

"திருடன்! கூரை மேல திருடன்டா!"

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணிக்கு எங்கப்பா போட்ட இந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கையில் டார்ச் லைட், மறு கையில் விளக்குமாறு சகிதமாக வெளியே வந்துவிட்டார். அவர் வீட்டு ஓடு, எங்கள் வீட்டு ஓடு, எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்க் எல்லாவற்றின் மீதும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒரு பூனை மட்டும் கண் கூசி இறங்கிப் போயிற்று.

திருடன் இருந்தது என் லாப்டாப்பில். அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தின திருடன். உடம்பை ஒட்டிய கருப்பு உடையில், பாரிஸ் நகரத்துக் கூரை மேல் நடந்துகொண்டிருந்தான்.

"படம் பாக்கறோங்கக்கா" என்றேன் அசடு வழிய.

"படமா? சத்தமே கேக்கல?"

"சத்தமில்லாத படங்க."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். இவனுக்கு இன்னும் பெண் கிடைக்காததன் காரணம் அவருக்கு அன்றைக்குப் புரிந்திருக்கும்.

*

எங்கப்பா பல்லடம் பக்கம் விசைத்தறியில் 32 வருஷம் தறி ஓட்டியவர். தறிக் குடோனுக்குள் ஒரு தடவை நுழைந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நுழையாதவர்களுக்கு ஒரு கணக்கு: நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடித்துப் போகும்போது 'சடக்'கென்று ஒரு சத்தம். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல். அப்படி ஒரு ஷெட்டில் இருபது, முப்பது தறி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இதை 32 வருஷத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். (பி.காம். படித்தவன் புத்தி, எதையும் பெருக்கித்தான் பார்க்கும்.)

விடை: அப்பாவுக்குக் காது போய்விட்டது.

ஒரேயடியாகப் போகவில்லை, தவணை முறையில் போனது. முதலில் போனில் பேசுவது நின்றது. அப்புறம் டி.வி. சத்தம் ஏறியது. அதுவும் பத்தாமல் போனபோது ஒருநாள் ரிமோட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். "பஸ் ஆரன் மட்டுந்தான்டா நல்லாக் கேக்குது" என்று பெட்டியிலேயே வைத்துவிட்டார். அதன் பிறகு அவரிடம் நாங்கள் பேசியதெல்லாம் சைகை பாஷையில் மூன்றே மூன்று விஷயம். சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில். அவரும் பதிலுக்குத் தலையை ஆட்டுவார். எத்தனை மாசம் இப்படி ஓடியது என்று எனக்கே தெரியாது. நானும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, ராத்திரி வந்து பத்திரிகைக்கு எழுதுகிறவன். எனக்கும் பேச நேரமில்லை என்று வைத்துக்கொண்டேன். சௌகரியமான பொய்.

போன வருஷம் ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய ஊமைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க உள்ளே வந்த அப்பா, என் தோளுக்குப் பின்னால் நின்றார். சொம்பு கையிலேயே இருந்தது. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். அப்படியே நிற்கிறார்.

"யாரும் பேசலியே... வாய் மட்டும் அசையுது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படத்துக்கு முன்னால் நானும் அவரும் ஒன்று. எனக்கும் கேட்கவில்லை!

*

படத்தின் பேர் 'லே வாம்பீர்'. ரத்தம் குடிக்கும் பேய் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். ஒரு கொள்ளைக் கூட்டத்தின் பேர் அது. எடுத்தவர் லூயி ஃபெயாத் என்ற பிரெஞ்சுக்காரர். 1915 நவம்பரில் ஆரம்பித்து 1916 ஜூன் வரைக்கும் பத்துப் பாகங்களாக வெளியானது. மொத்தம் ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு முன்னால், 1913-14ல், 'ஃபான்டோமாஸ்' என்று ஒரு முகமூடித் திருடனை வைத்து ஐந்து படம் எடுத்திருந்தார். பின்னால் 'ஜூடெக்ஸ்'. மனிதர் தன் வாழ்நாளில் எடுத்த படங்கள், சின்னதும் பெரியதுமாக 600க்கு மேல். 1925ல் தன் 52வது வயதில் செத்துப்போனார். நம்ம ஊர்க் கணக்கில் எக்ஸ்போர்ட் அவசர ஆர்டரில் வாழ்ந்த ஆசாமி!

அவசரம் என்றால் நிஜமாகவே அவசரம். அப்போது பிரான்ஸில் இரண்டு பெரிய சினிமா கம்பெனிகள். சேவல் சின்னம் போட்ட பாத்தே ஒன்று, ஃபெயாத் வேலை பார்த்த கோமோன் இன்னொன்று. பாத்தே கம்பெனி, பேர்ல் ஒய்ட் என்ற அமெரிக்க நடிகையின் சாகசத் தொடரை 'நியூயார்க் மர்மங்கள்' என்ற பேரில் பிரான்ஸில் இறக்கப்போகிறது, படம் வரும்போதே கதையை ஒரு தினசரியிலும் தொடர்கதையாகப் போடப்போகிறது என்று செய்தி. எதிர்க்கடைக்காரன் தீபாவளி ஸ்டாக் இறக்குகிறான் என்றால் நாம் சும்மா இருப்போமா? கோமோன் முந்திக்கொண்டு 'வாம்பீர்' முதல் இரண்டு பாகத்தைத் திரைக்கு அனுப்பிவிட்டது.

அதுவும் முதல் உலக யுத்தத்தின் நடுவில். ஆண்களில் பாதிப் பேர் போர்முனையில். செட் போடக் காசில்லை. ஃபெயாத் கேமராவைத் தூக்கிக்கொண்டு நிஜத் தெருவுக்கு வந்துவிட்டார். கதையைப் பெரும்பாலும் எடுக்க எடுக்கவே யோசித்தார். அதனால் லாஜிக் எல்லாம் பார்க்கக் கூடாது. ஒரு பாகத்தில் செத்தவன் அடுத்த பாகத்தில் எழுந்து வருவான். கொள்ளைக் கூட்டத் தலைவன் நடுவிலேயே காலி, புதுத் தலைவன் ஒருத்தன் பீரங்கியோடு வருவான். பீரங்கியை எங்கே வைத்திருந்தான் என்று கேட்டால் நீங்கள் ஆடிட்டர் வேலைக்குத்தான் லாயக்கு.

ஆனால் அந்தத் தெருக்கள்... ஆளில்லாத அகலமான தெரு. அடைத்த ஜன்னல்கள். ஒரே ஒரு கார். அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொரோனா அப்போ நம்ம ஊரு இப்படித்தான்டா இருந்துச்சு." 2020 ஏப்ரலில் திருப்பூர் குமரன் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். வழக்கமான தெருதான், ஆனாலும் அடுத்த திருப்பத்தில் என்னவோ இருக்கிறது என்று வயிற்றைப் பிசையும். நூறு வருஷமாக இந்தப் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பிசைதல்தான் ருசி. பேய் மாளிகை, பாழுங்கிணறு எதுவும் வேண்டாம். ஒரு சாதாரண வீடு, அதன் சுவரில் ஒரு ஓவியம், ஓவியத்தை நகர்த்தினால் பின்னால் ஒரு பாதை. வாடகை வீட்டில் குடியிருக்கிற எவனுக்கும் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது.

*

பேச்சில்லாத படம் என்றாலும் நடுநடுவே எழுத்து வரும். நான் பார்த்த பிரதியில் அது இங்கிலீஷில் இருந்தது. அப்பா அஞ்சாம் கிளாஸ் தமிழ். நான் சொன்னாலும் கேட்காது. என்ன செய்வது?

பழைய மாதக் காலண்டரைக் கிழித்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் அல்லவா, அதில் கருப்பு மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதினேன். 'இவன் பத்திரிகை நிருபர். நல்லவன்.' 'இவன் டாக்டர் மாதிரி வேஷம் போட்டவன்.' அட்டை வரும்போதெல்லாம் படத்தை நிறுத்துவேன், எழுதுவேன், தூக்கிப் பிடிப்பேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படிப்பார். அரை மணி நேரத்துப் படம் ஒன்றரை மணி நேரம் ஓடும்.

ரொம்பப் புதுசாக ஏதோ கண்டுபிடித்த பெருமை எனக்கு. அப்புறம்தான் தெரிந்தது, இது நம்ம ஊரில் ஒரு காலத்து உத்தியோகம். ஊமைப்பட நாட்களில் டென்ட் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்று, கதையை உரக்கச் சொல்வார். சண்டை வந்தால் சவுண்ட் கொடுப்பார். நான் அவருடைய வாரிசு, குரல் மட்டும் இல்லை.

கொட்டகை என்றதும் ஒரு மனிதரைச் சொல்லியே ஆக வேண்டும். நம்ம கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரயில்வே ஆபீஸில் வேலை, சம்பளம் 25 ரூபாய். 1905ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தவர், உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்ப நினைத்தார். அவருடைய புரொஜெக்டரையும் படச்சுருளையும் நம்மவர் வாங்கிக்கொண்டார். விலை 2,250 ரூபாய்! அதாவது 90 மாசச் சம்பளம். ஏழரை வருஷம். ('ஏழரை' என்று யாரோ வீட்டில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள்.) ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, டென்ட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். பின்னாளில் அது டிலைட் தியேட்டர் ஆயிற்று. வெரைட்டி ஹால் ரோடு என்ற பேர் இன்றைக்கும் இருக்கிறது. ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் நண்பரே, 90 மாசச் சம்பளத்தை ஒரு மிஷினில் போட உங்களுக்குத் தைரியம் உண்டா? எனக்கு இல்லை.

அந்தக் காலத்துத் தென்னிந்தியக் கொட்டகைகளில் சாகசத் தொடர்களுக்குத்தான் கூட்டம். எடி போலோ என்ற அமெரிக்க நடிகர் மதராஸில் ஒரு எம்.ஜி.ஆர். மாதிரி. குதிரை, குத்துச்சண்டை, ரயில் கூரையில் ஓட்டம். 1927-28ல் மதராஸ் வக்கீல் டி. ரங்காச்சாரியார் தலைமையில் சர்க்கார் போட்ட சினிமாக் கமிட்டி ஊர் ஊராக விசாரித்தபோதும் இந்தத் தொடர்ப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. படித்த கனவான்கள் மூக்கைச் சுளித்தார்கள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவர்கள் விசிலடித்தார்கள். எது நிலைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

*

மூன்றாவது பாகத்தில் அவள் வருகிறாள்.

இர்மா வெப். நடித்தவர் முசிதோரா. பெரிய கண்கள், கண்ணைச் சுற்றிக் கரி மாதிரி மை. கொள்ளைக் கூட்டத்தில் ஒருத்தி. ராத்திரி வேலைக்குப் போகும்போது தலை முதல் கால் வரை உடம்போடு ஒட்டிய ஒரே கருப்பு உடை.

"பனியன் மாட்டிக்கிட்டு சுவரேறுது பாருடா அந்தப் புள்ள!" என்றார் அப்பா.

சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த உடைக்குப் பிரெஞ்சில் 'மயோ' என்று பேர். பிரான்ஸுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனியில் இருப்பவர்களுக்குத் தெரியும், புட்பால் ஜெர்ஸிக்கும் அதுதான் சொல். சினிமாவிலேயே ரொம்பப் புகழ்பெற்ற பின்னலாடை எது என்று யாராவது கேட்டால், திருப்பூர்க்காரன் தயங்காமல் முசிதோரா பேரைச் சொல்லலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் பேர் 'கருப்பு பனியன்காரி'.

அவள் பாடும் விடுதியின் வாசலில் பேர் எழுதிய போஸ்டர். நிருபர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார், எழுத்துகள் தானாக இடம் மாறும். 'இர்மா வெப்' என்ற ஏழு இங்கிலீஷ் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'வாம்பயர்'! இதைக் காலண்டரில் எப்படி எழுதுவது? ஏழு துண்டுக் காகிதத்தில் ஏழு எழுத்தும் எழுதி மேஜையில் வைத்தேன். பேல் கட்டில் மார்க் படித்துப் படித்து அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும் அத்துப்படி. திரையில் கடைசியாக நின்ற வார்த்தையைப் பார்த்துப் பார்த்து, விரலால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். ஏழாவது துண்டு சேர்ந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார் பாருங்கள்... பத்து வயசுப் பையன் முகம்.

"அடேயப்பா! பேருக்குள்ளயே ஒளிச்சு வெச்சிருக்கான்டா!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு விஷயம் கவனித்தேன். எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. நான் முன்னால் பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர், "கதவு... கதவு..." என்பார். அப்புறம்தான் பார்த்தால், அறையின் கோடியில் ஒரு கதவு அரை அங்குலம் திறந்திருக்கும். திரைச்சீலை அசைவது, கட்டிலுக்கடியில் கால் தெரிவது, எதுவும் தப்பாது.

எப்படி என்று யோசித்தேன். ஃபெயாத்தின் கேமரா பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். இன்றைய படம் மாதிரி 'இதைப் பார், அதைப் பார்' என்று முகத்துக்கு முகம் தாவி உங்கள் தாடையைப் பிடித்துத் திருப்பாது. முழு அறையையும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். தேடுவது உங்கள் பாடு. அப்பா 32 வருஷம் பார்த்த உத்தியோகமே அதுதானே? ஆறு தறி ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொரு பாவிலும் ஆயிரக்கணக்கில் இழை. ஒன்று அறுந்தாலும் துணியில் கோடு விழும், கூலியில் பிடிப்பான். அந்தச் சத்தத்தில் காதுக்கு வேலையில்லை. கண் மட்டும் ஆறு தறியிலும் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். காது ரிடையர் ஆகிவிட்டது, கண் இன்னும் ஷிப்ட்டில்தான் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்கிற படமாக 1915ல் ஒருத்தர் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நாலாவது வாரமே அப்பா டீக்கடையில் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, பெரிய வீட்டு விருந்துல மயக்கப் புகைய உட்டு அத்தனை பேரு நகையையும் உருவிட்டானுகளாமா? எந்த ஊர்லீங்க?" ஐந்தாம் பாகத்துக் கொள்ளை. அப்பா அதைத் தினத்தந்திச் செய்தி மாதிரியே சொல்லியிருக்கிறார்!

இதில் ஒரு சங்கதி உண்டு. நம் டி.வி. சீரியல் மாதிரி, ஆளை அந்தரத்தில் தொங்கவிட்டு 'தொடரும்' போடுகிற வித்தை 'வாம்பீர்' தொடரில் அதிகம் கிடையாது. அனேகமாக ஒவ்வொரு பாகமும் ஒரு மாதிரி முடிந்துவிடும். பிடிபட வேண்டியவன் பிடிபடுவான். ஆனால் அவள் தப்பித்திருப்பாள். அது போதும். நல்லவன் கல்யாணம் பண்ணிக்கொள்வானா என்று யாரும் ஏழு நாள் காத்திருப்பதில்லை. சின்ன வயசில் சிவகாசி காமிக்ஸில் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடருக்காக நாம் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் தவம் கிடந்ததும் இதே வியாதிதான்.

பாரிஸ் போலீஸுக்கும் இந்த வியாதி பிடிக்கவில்லை. திருடர்களைக் கவர்ச்சியாகக் காட்டுகிறது என்று கொஞ்ச காலம் படத்தைத் தடை செய்தார்கள். முசிதோராவே அதிகாரியை நேரில் போய்ப் பார்த்துப் பேசித் தடையை விலக்கவைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு நம்பாமல் இருக்க முடியவில்லை. ஆந்த்ரே பிரெத்தோன், லூயி அரகோன் மாதிரிக் கவிஞர்கள் இளவட்டமாக இருந்தபோது அவளிடம் கிறங்கிப்போனவர்கள். 1963ல் ஜார்ஜ் ஃப்ரான்ஜு 'ஜூடெக்ஸ்' கதையை மறுபடி படமாக்கினார். ஒலிவியே அஸாயாஸ் 1996ல் 'இர்மா வெப்' என்ற பேரிலேயே ஒரு படமும், 2022ல் அதே பேரில் ஒரு டி.வி. தொடரும் எடுத்தார். பழைய பிரதிகளைச் செப்பனிடும் வேலையை மேற்பார்வை பார்த்தவர் ஃபெயாத்தின் பேரன் ஜாக் ஷாம்ப்ரோ. தாத்தா சொத்தில் பேரன் இழை முடிந்திருக்கிறார்.

*

ஒன்பது ஞாயிறு ஓடிவிட்டது. பத்தாவது பாகம்தான் கடைசி என்று எழுதிக் காட்டினேன். அப்பா படித்தார். "தலை வலிக்குது. அடுத்த வாரம் பாக்கலாம்" என்று எழுந்துவிட்டார். அடுத்த வாரம் கரண்ட் இருந்தும், "இன்னிக்கு அமாவாசை" என்றார். அமாவாசைக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா சைகையில் கேட்க, கேட்காத மாதிரி போய்விட்டார். (கண்ணுக்கும் கேட்காதாக்கும்!)

மூன்றாவது வாரம் அவரே வந்து உட்கார்ந்தார்.

பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். கடைசியில் கூட்டம் மொத்தமும் ஆடிப்பாடிக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது போலீஸ் உள்ளே பாய்கிறது. நிருபரின் புது மனைவி கையில் துப்பாக்கி. ஒரே குண்டு. இர்மா வெப் சாய்ந்துவிடுகிறாள்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளைய ஏன்டா கொன்னானுக?"

'கெட்டவள்' என்று எழுதிக் காட்டினேன்.

"அது தெரியுமே" என்றார்.

அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பழைய அமைதி திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்துவிடுமோ என்று எனக்கு பயமாகிவிட்டது. அவசரமாக இன்னொரு தாளைக் கிழித்தேன். 'அடுத்த படம் ஜூடெக்ஸ். அதிலும் அவள் இருக்கிறாள்.'

"செத்துட்டாளேடா?"

'வேறு பேர். அதிலும் கெட்டவள்தான்.'

முகம் லேசாக மாறியது. "எத்தனை வாரம்?"

'12' என்று எழுதினேன். அது காலண்டரின் கடைசித் தாள். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு பக்கத்தில் 2019 டிசம்பர் இருந்தது.

"தாள் தீந்து போச்சேடா. இரு, டீக்கடையில பழைய காலண்டர் கெடக்கும். கேட்டு வாங்கிட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.